அப்பாவின் பழைய போனில் ‘எல்டிஇ ஒன்லி’ வேண்டாமே!

புது போன் வந்ததும் பழசு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போய்விடுகிறது. “நெட் ரொம்ப ஸ்லோ” என்று அவர்கள் சொன்னால், டயலரில் *#*#4636#*#* தட்டி ‘எல்டிஇ ஒன்லி’ வைத்துக் கொடுக்கிறார்கள் பலர். வேகம் கூடலாம். சிக்கலும் அங்கேதான்.

பழைய 4ஜி போன்கள் பலவற்றில் வோல்ட்இ, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, கிடையாது. இன்டர்நெட் 4ஜியில் ஓடும். கால் வந்தால் போன் 2ஜிக்கு இறங்கி எடுக்கும். அந்த வழியை அடைத்துவிட்டால் யூடியூப் சூப்பரா ஓடும், நீங்கள் கூப்பிட்டால் மட்டும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. ராத்திரி உடம்பு முடியலைன்னா அவர்களாலும் உங்களைக் கூப்பிட முடியாது. ரீல்ஸ் கொஞ்சம் சுத்தினா பரவாயில்லை.

எனவே ‘பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்’பில் 4ஜி/3ஜி/2ஜி ஆட்டோவே சரி. வோல்ட்இ பட்டன் இருந்தால் ஆன் செய்யுங்கள். ஜியோவுக்கு 2ஜியே இல்லை. வோல்ட்இ இல்லாத போனில் அந்த சிம் போட்டால் சாதாரண கால் பேச முடியாது. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டதால், வெறும் 3ஜி போனில் அந்த சிம்முக்கு 2ஜி வேகம்தான். அதை எந்த செட்டிங்கும் மாற்றாது.

மாற்றி முடித்ததும், டேட்டா ஆனில் இருக்கும்போதே அந்த போனுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள்.