எந்த வழிச் சொந்தம்?

நமது கல்யாண வீடுகளிலே அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்றுண்டு: "அவர் உங்களுக்கு எந்த வழிச் சொந்தம்?" தாய்வழியாற் பார்த்தால் மாமன் முறையாகும் ஒருவர், தந்தைவழியாற் பார்த்தால் அண்ணன் முறையாகிவிடுவார். இரண்டும் மெய்யே. எந்த முறை கொண்டு அழைப்பதென்பதைப் பெரியவர்கள் தீர்த்துவைப்பார்கள். கணினிக்கு அவ்வாறு தீர்த்துவைப்பாரில்லையேல் என்ன நேரும் என்பதே இவ்வாரப் பேச்சு.

என் தமக்கை மகள் கொழும்பிலே மொத்த வியாபார நிலையம் ஒன்றிற் பணிபுரிகிறாள். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவள் முகம் வாடியிருந்தது. "மாமா, கூட்டல் கழித்தலில் ஒரு பிழையுமில்லை; ஆனாலும் விற்றதற்கும் வசூலித்ததற்கும் பெருந்தொகை இடிக்கிறது. காசாளரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார்கள். அந்த அறிக்கையைச் செய்தவள் நான்" என்றாள். அந்தக் காசாளர் அங்கே இருபது வருடம் வேலை செய்தவராம்.

தரவுத்தளம் என்பது பல அட்டவணைகளின் தொகுதி. விலைச்சிட்டைகள் ஓர் அட்டவணையில். சிட்டைக்குரிய பொருள்கள் வேறொன்றில். அதற்குச் செலுத்திய பணம் இன்னொன்றில். சிட்டை இலக்கமே இவற்றைப் பிணைக்கும் கயிறு. விளக்கத்துக்காக ஒரு சிட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அரிசி 6,000 ரூபா, பருப்பு 4,000 ரூபா, ஆக 10,000. வாங்கியவர் 5,000, 3,000, 2,000 என மூன்று தவணையில் முழுவதையும் செலுத்திவிட்டார். கடன் ஒரு சதமுமில்லை.

இம்மூன்று அட்டவணைகளையும் ஒருங்கே இணைத்தால் கணினி என் செய்யும்? எந்தத் தவணை எந்தப் பொருளுக்கு என்பது அதற்குத் தெரியாது. ஆதலால் இரண்டு பொருள்களில் ஒவ்வொன்றையும் மூன்று தவணைகளோடும் சேர்த்து ஆறு வரிகளை எழுதிவிடும். பொருளின் விலை மும்முறை எண்ணப்பட்டு விற்பனை 30,000 ஆகிறது. தவணைப் பணம் இருமுறை எண்ணப்பட்டு வசூல் 20,000 ஆகிறது. இல்லாத 10,000 ரூபாக் குறை இப்படித்தான் பிறந்தது!

இதனினும் கொடிய வேடிக்கை ஒன்றுண்டு. ஒரு தவணையேனும் செலுத்தாத வாடிக்கையாளரின் சிட்டைக்குப் பண அட்டவணையில் இணை வரி கிடையாது. சாதாரண இணைப்பிலே இணையில்லாத வரி விடுபட்டுப்போகும். ஆகவே ஒழுங்காகச் செலுத்தியவர் கடன்காரராகத் தோன்ற, ஒன்றுமே செலுத்தாதவர் அறிக்கையினின்றும் மறைந்தே போகிறார்.

பிள்ளை முதலில் நாடிய பரிகாரம் பலரும் நாடுவதே: ஒரேமாதிரியான தொகைகளை ஒருமுறை மட்டும் எண்ணும்படி கட்டளையிடுவது. அது நோயை மூடிவைக்குமேயன்றித் தீர்க்காது. ஒருவர் 2,500 ரூபாவை இருமுறை செலுத்தியிருப்பின், அவற்றிலொன்றை அது விழுங்கிவிடும்.

மெய்யான பரிகாரம் இணைப்பதற்கு முன்பே கூட்டிவிடுதல். பொருள்களைச் சிட்டை வாரியாகத் தனியே கூட்டுக. தவணைகளையும் அவ்வாறே கூட்டுக. சிட்டைக்கு ஒரு வரியாக ஒடுங்கிய பின்னரே இணைத்திடுக. பணம் வராத சிட்டையும் நிற்கும்படி, இணையற்ற வரியையும் வைத்திருக்கும் வெளியிணைப்பைக் கையாளுக. பிசினஸ் ஒப்ஜெக்ட்ஸ் போன்ற அறிக்கைக் கருவிகளில், விற்பனைக்கு ஒரு வழி, வசூலுக்கு ஒரு வழி என மாதிரியை அமைப்பவர் முன்கூட்டியே வகுத்துவைக்கலாம். கருவி இரு வினாக்களைத் தனித்தனியே கேட்டு விடைகளைப் பின்னர் பொருத்தும். கல்யாண வீட்டுப் பெரியவரின் வேலை இதுவே.

இன்னொரு சிக்கல் சுற்றுவழி. ஊர்களின் அட்டவணை ஒன்று. வாடிக்கையாளருக்கும் ஊருண்டு, கிளைக்கும் ஊருண்டு. இரண்டையும் அந்த ஓர் அட்டவணையோடு பிணைத்தால், இருவருக்கும் ஒரே ஊராயிருந்தாலன்றி வரி தேறாது. யாழ்ப்பாணக் கிளையிலே வாங்கிய வவுனியாக்காரர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். அவ்வட்டவணையை 'வாடிக்கையாளர் ஊர்', 'கிளை ஊர்' என இருபெயரிட்டு இருமுறை எடுத்தாள, சுற்று அவிழ்ந்துவிடும்.

இவ்வாறான வழிமயக்கம் நேற்று முளைத்ததன்று. தொடர்புநிலைத் தரவுத்தளக் கொள்கையின் தந்தையெனப்படும் எட்கர் கொட், கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தபோது 1970இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதன் உறவான ஒரு பொறியைப் பற்றி எச்சரித்தார். ஒரு வணிகர் இன்ன உறுப்பை வழங்குகிறார். அவ்வுறுப்பு இன்ன திட்டத்திலே பயன்படுகிறது. ஆதலால் அவ்வணிகர் அத்திட்டத்துக்கு வழங்குகிறார் என்று முடிவுகட்டலாமோ? ஆகாது. அதே உறுப்பை அத்திட்டத்துக்கு வேறொருவர் வழங்கியிருக்கலாமன்றோ? பாதையிருப்பது வேறு, அப்பாதையில் ஆள் நடந்திருப்பது வேறு. கொட் 1981இல் டியூரிங் பரிசு பெற்றார். அரைநூற்றாண்டு கடந்தும் அவர் சுட்டிய குழியில் நம் பிள்ளைகள் விழுந்துகொண்டேயிருக்கிறார்கள். கணினியானது பிழையான விடையையும் சரியான விடையைப் போலவே அழகாக அச்சிட்டுத் தருவதாற்போலும்.

மாணவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். புதிய அட்டவணையை இணைக்குமுன் வரிகளை எண்ணிவைத்து, இணைத்தபின் மீண்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ காரணம் சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாவிடின் அறிக்கையை எவருக்கும் காட்டாதீர்கள்.

தமக்கை மகள் அன்றிரவே அறிக்கையைத் திருத்தி, மறுநாட் காலை மேலாளரின் மேசையில் வைத்தாள். காசாளருக்கு எழுதிய கடிதம் இன்னும் அனுப்பப்படாமல் அங்கேயே கிடந்ததாம். அவள் கண்முன்னே அது கிழிக்கப்பட்டது. புதிய அறிக்கையின் முதல் வரியிலே, பழையதில் எங்குமே இல்லாத ஒரு வாடிக்கையாளரின் பெயர் இருந்தது. நான்கு மாதமாக அவர் ஒரு சதமும் செலுத்தவில்லை.