பனி நடுவே கொதிக்கும் இஞ்சின்

பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிர். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. அங்கே ஓடுகிற வண்டியின் இஞ்சின் சூடு தாங்காமல் நின்றுபோகும் என்றால் யாராவது நம்புவார்களா? ஸ்னோமொபைல் ஓட்டும் கனடாக்காரர்கள் நம்புவார்கள். பட்டவர்கள் ஆயிற்றே!

காரணம் ரொம்ப எளிது. இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார் மாதிரி முன்னால் பெரிய ரேடியேட்டர் கிடையாது. பின்னால் சுழலும் ரப்பர் பட்டைக்கு (ட்ராக்) மேலே ஓர் அலுமினியக் கூரை இருக்கும். கூலன்ட் அந்தக் கூரையின் அடிப்பக்கத்துக்கு வந்து சுற்றிப்போகும். ட்ராக் வாரி இறைக்கும் பனி அதில் பட்டு உருக, சூடு இறங்கிவிடும். அதே பனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின் சஸ்பென்ஷனின் இரண்டு ரெயில்களுக்கும் அடியில் நீளமான பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கின்றன. ட்ராக்கின் உலோகக் கிளிப்புகள் அவற்றில் உரசிக்கொண்டேதான் ஓடுகின்றன. எண்ணெயும் இல்லை, கிரீஸும் இல்லை. பனியின் ஈரம்தான் எல்லாம்!

பாதை இறுகிக் கண்ணாடி மாதிரி ஐஸாகிவிட்டால்? உறைந்த ஏரியின் மேல் போனால்? ட்ராக்குக்கு வாரி இறைக்க ஒன்றும் கிடைக்காது. பிளாஸ்டிக் இளகும், எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மருந்துதான் ஐஸ் ஸ்கிராட்சர். ஸ்பிரிங் கம்பி அல்லது முறுக்குக் கேபிள், அதன் நுனியில் கடினமான உலோகத் துண்டு. ரெயிலுக்கு ஒன்றாக இரண்டு. வண்டி போகப்போக ஐஸைக் கீறித் தூளாக்கும், ட்ராக் அந்தத் தூளை மேலே தூக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஜோடி விலை சுமார் 100 டாலர். புது வண்டியோ 10,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும்.

இந்தச் சின்னச் சாமானைப் பல மாடல்களில் 'உபரி' என்று தனியாக விற்கிறார்கள் (சில மாடல்களில் கம்பெனியே பொருத்தித் தருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்). இருக்கைக்கு உறை, கண்ணாடிக்கு ஸ்டிக்கர் என்றால் உபரி. ஆனால் இது? கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-ல் கொண்டுவந்த ஸ்கி-டூவில் இஞ்சினைக் காற்றே குளிர்வித்தது. ட்ராக் சின்னச் சக்கரங்கள் மேல் ஓடியது. இந்தத் தொல்லை அதில் இல்லை. வேகமும் சொகுசும் வேண்டுமென்று கூலன்ட்டையும் வழுக்குப் பட்டைகளையும் கொண்டுவந்தது கம்பெனிகள். அந்த மாற்றத்தோடு கூடவே பிறந்த பிரச்சினைக்கு வாடிக்கையாளர் தனியாகப் பணம் கட்டுவது என்ன கணக்கு? வண்டி விலையில் 100 டாலரைச் சேர்த்துவிட்டால்கூட யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

"வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே" என்பார்கள். மாட்டுவதும் விளையாட்டில்லை. ரெயிலில் துளை தயாராக இல்லாவிட்டால் டிரில் போட வேண்டும். முன்பக்கமாகப் பொருத்தினால்தான் தூள் பட்டை முழுவதற்கும் போய்ச்சேரும். சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது கம்பி ட்ராக்கில் சிக்கக்கூடாது. ரிவர்ஸ் வேறு! கெட்டிக் கம்பி ரகத்தை மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டாமல் பின்னால் எடுத்தால், நுனி ஐஸில் ஊன்றி வளைந்துவிடும், உடைந்தும் போகும். கேபிள் ரகம் இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்கும். இதையெல்லாம் டிசைன் செய்தவர்களே பார்த்துப் பொருத்துவது நல்லதா, கராஜில் ஆளுக்கொரு இடத்தில் துளை போடுவது நல்லதா?

பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கு நஷ்டம் பணத்தோடு போகும். பாதை ஓரத்து உதிரிப் பனியில் கொஞ்சம் இறக்கி ஓட்டியும் சமாளிப்பார். நுனாவுட்டில் வேட்டைக்குப் போகிற இனூயிட் மக்களுக்கு அப்படி இல்லை. உறைந்த கடல் மேல், ஊரை விட்டு வெகுதூரம் போகிறார்கள். அங்கே வண்டி நின்றால் நடந்துதான் திரும்ப வேண்டும், அதுவும் அந்தக் குளிரில். அவர்கள் வாங்கும் வண்டியிலாவது இது 'உபரி' பட்டியலில் இருக்கக்கூடாது.