வருகைப் பதிவேடும் சோதனையும்

சோதனை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவன யாவை? யூதேயாவின் வனாந்தரமும், நாற்பது நாள் உபவாசமும், தேவாலயத்து உப்பரிகையும், உலகத்து இராச்சியங்கள் யாவுங் காணக்கிடந்த உயர்ந்த மலையுமே. காலை ஆராதனையில் நாம் கேட்கும் பிரசங்கங்களும் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே நின்றுவிடுகின்றன, பிரசங்கியார் பொறுத்தருள்வாராக. அத்துணைப் பெரிய சோதனை வருங்கால் பார்த்துக்கொள்வோம் என மாணாக்கராகிய நாமும் வாளா இருந்துவிடுகின்றோம். நம்மனோர்க்கு அது மலையுச்சியில் வருவதன்று என்பதே என் கருத்து. அது காலையில், வகுப்பறையில், வருகைப் பதிவேட்டின் உருவில் வருகின்றது.

பேதுருவின் வரலாற்றை நோக்குக. படைக்கலந் தாங்கிய கூட்டத்தினெதிரே வாளை உருவி, மல்குஸ் என்பானுடைய வலக்காதை அறவெட்டியவர் அவர். அஃது அறிவுடையார் செயலன்றாயினும் அஞ்சுவார் செயலுமன்று. உயிரைத் தருக என்று எவரேனுங் கேட்டிருப்பின் அன்றிரவு தந்திருப்பார் என்றே எண்ணுகின்றேன். ஆனால் ஒருவரும் அங்ஙனங் கேட்டிலர். வாயில் காக்கும் வேலைக்காரி ஒருத்தி, இவரும் அம்மனிதரைச் சேர்ந்தவரோ என்று போகிற போக்கில் வினவினாள். குளிர் மிக்க இரவு, அண்மையிற் கரிநெருப்பு, அல்லேன் என்று ஒரு சொற் சொல்லின் ஆங்கு நின்று குளிர்காயலாம். வாளுக்குத் தோலாதவர் அவ்வினாவுக்குத் தோற்றார். பெரியதற்கு ஆயத்தமாயிருந்தவர் சிறியதைச் சோதனையென்றே அறிந்திலர்.

என் செய்தியும் அத்தகையதே. சொல்ல நாணமாயினும் சொல்லுகின்றேன். நண்பர் ஒருவர் திருமண மண்டபங்களில் இரவில் பந்தி பரிமாறும் வேலைக்குச் செல்பவர். அக்கூலியே அவர் படிப்புக்கு ஆதாரம். முகூர்த்த நாட்கள் தொடர்ந்து வருங்கால் விடியுமுன் திரும்பி, முதற் பாடவேளை முழுதும் உறங்கிவிடுவார். நூற்றுக்கு 75 வருகை வேண்டுமென்பது விதி, குறையின் அபராதம். ஒருநாள் அவர் எண் அழைக்கப்பட்டபோது, பின் பலகையிற் குனிந்திருந்தபடியே "உள்ளேன் ஐயா" என்றேன். பேராசிரியர் தலையெடாமலே குறித்துக்கொண்டார். எங்களை நம்புவது அவர் வழக்கம்.

முதன்முறை நெஞ்சு பறையென அதிர்ந்தது. இரண்டாம் முறை அத்துணை இல்லை. மூன்றாம் நாள், காலை ஆராதனையில் வேதபாடம் வாசித்தவன் யானே. வாசித்து இறங்கி நேரே வகுப்புக்குச் சென்று, வாசித்த அதே குரலால் அவர்க்காக விடையிறுத்தேன். நெஞ்சு சிறிதும் அசைந்திலது. உரைத்த பொய்யினும் அவ்வசையாமையே அன்றிரவு என்னை உறங்கவொட்டாது செய்தது.

இதனை ஒரு குற்றமெனக் கொள்ளாதார் பலர். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவரிலுஞ் சிலர் தத்தம் நாளை நினைந்து இப்போது முறுவலிக்கக் கூடும். விடுதியில் இதுபற்றி வாதம் எழுந்தபோது ஒருவர் திருவள்ளுவரையே துணைக்கழைத்தார். வாய்மை அதிகாரத்தின் இரண்டாங் குறள், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் பாற்படும் என்கின்றதன்றோ? தமிழ் பயில்வானுக்கு இதனினும் இனிய தூண்டில் ஏது! சோதனைக்காரன் ஆண்டவர் முன்னே சங்கீதம் 91-ஐ எடுத்தோதினான் என்பது அப்போது எனக்கு நினைவு வந்திலது. ஆண்டவர் வனாந்தரத்தில் மூன்று முறையும் உபாகமத்தினின்றே விடையளித்தார். அவனும் வேதத்தையே ஓதினான். நூலறிவு ஒன்றே காவலாகாது போலும். வள்ளுவர் இட்ட நிபந்தனையை நழுவவிட்டு மற்றதைப் பற்றிக்கொண்டோம். யான் நண்பர்க்கு ஈந்த நன்மை குற்றமற்றதாமோ? ஆசிரியர் எம்மேல் வைத்த நம்பிக்கையை எடுத்தன்றோ ஈந்தேன்? அஃது என் பொருளன்றே.

விதி கடியது என்பாரும் உளர். இரவில் உழைத்துப் பகலிற் படிப்பார்க்கு அது கடியதே, ஐயமில்லை. அங்ஙனமாயின் முதல்வரிடஞ் சென்று முறையிடலாம். முறையிட ஐவர் கூடினோமில்லை. பொய்யுரைக்க ஒரு வகுப்பே உடன்பட்டிருந்தது.

போத்திபார் வீட்டில் யோசேப்பு மேலாடையை விட்டுவிட்டு ஓடியதைப் பலரும் புகழ்வர். அதற்குமுன் நாடோறும் அவன் மறுத்துவந்தான் என்பதை அத்துணைக் கருதுவாரிலர். ஓடுவதென்று அவன் அக்கணத்திலா முடிவு செய்தான்? எண் அழைக்கப்படும் நொடியில் ஆராய்ந்து துணிவேன் என்பது வீண். அந்நொடியில் நா முந்திக்கொள்ளும். ஆதலின் யான் முன்னாளிரவே நண்பரிடஞ் சென்றேன். அவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காலையில் எழுப்பிவிடுகின்றேன், பாடக்குறிப்புகளைப் படியெடுத்துத் தருகின்றேன், குரல்மட்டுந் தாரேன் என்றேன். "உனக்கு மாதந்தோறும் வீட்டிலிருந்து பணம் வருகிறது" என்று மட்டுஞ் சொல்லிச் சென்றார். அதற்கு விடை அன்றும் என்னிடத்தில்லை, இன்றும் இல்லை.

மறுநாள் பேராசிரியரிடம் என் மூன்று பொய்களையுங் கூறினேன். நண்பரைக் கேளாது சென்றது தகுமோ என்பதில் எனக்கு இன்னும் ஐயமுண்டு. என் குற்றத்தோடு அவர் குற்றமும் வெளிப்பட்டதன்றோ? மும்முறை மறுதலித்த பேதுரு, பின்னர்த் திபேரியாக் கடற்கரையில் மற்றொரு கரிநெருப்பின் அருகே மும்முறை வினவப்பட்டார். ஆசிரியர் என்னை ஒன்றும் வினவிலர். பதிவேட்டைத் திறந்து மூன்று குறிகளை அடித்தார். அன்றுமுதல் ஒவ்வோர் எண்ணை அழைக்கும்போதும் தலைநிமிர்ந்து முகம் பார்க்கின்றார்.

அபராதத்திற் பாதியை யான் தருவதாகச் சொன்னேன், நண்பர் ஏற்றிலர். முதல்வர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளேன். இரவுவேலை செய்வார்க்கு முதற் பாடவேளையில் விதியைத் தளர்த்த வேண்டுமென்பது அது. இதுவரை நால்வர் கையெழுத்திட்டிருக்கின்றனர். நண்பர் அதனை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் தம் புத்தகத்துள் வைத்திருக்கின்றார்.