கீழாநெல்லியும் காமாலையும்

கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளிக்கும் திருவள்ளூர்க் குடியானவனுக்கும் கண் மஞ்சளித்தால் முதலில் ஞாபகம் வருவது வரப்போரத்துக் கீழாநெல்லியேயாகும். அதை அரைத்து மோரில் குடித்து, உப்பில்லாப் பத்தியமிருந்து, சில வாரத்தில் தேறிவிட்டால் பெருமை இலைக்கும் மந்திரித்தவனுக்கும் போகின்றது. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே இறங்கிவிடும் என்பதை எந்த மந்திரவாதியாவது சொல்லுகின்றானா?

நாம் பச்சிலைக்கு விரோதியல்ல. 1988-ல் சென்னை ஆராய்ச்சிக்காரர்கள் ஹெபடைட்டிஸ் பி கிருமியுள்ள 37 பேருக்கு இதைக் கொடுத்து, 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்ததில் பலிக்கவில்லை.

பித்தக்குழாய் அடைத்தாலும் காமாலைதான். அதை இலையா திறக்கும்? பி கிருமிக்குத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு அரசாங்கமே இலவசமாகப் போடுகின்றது. அப்படியிருக்க, ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகுமென்று பயந்து பத்து நாள் பத்தியமிருந்து, வயிறு வீங்கிய பின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எதற்காக, தோழர்களே?