யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம்

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தபோது, கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். யாருடைய உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. அன்று படகேறித் தப்பிய குழந்தைகள் இன்று மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் படிக்கிறார்கள். தங்களைத் தூக்கிவிட்ட கைகள் யாருடையவை என்று அவர்களுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

மீனவர்களுக்கு நாம் திருப்பித் தந்ததையும் பார்ப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வலை, படகு, கரை எங்கும் எண்ணெய். அதை வாளியிலும் மக்கிலும் அள்ளியவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் மீனவர்களே. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மாமா கொடுத்த சாக்லேட்டுக்கு நன்றி சொல்லக் குழந்தையைப் பழக்குகிறோம். நல்லதுதான். ஆனால் நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதில் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களுக்கும் பங்குண்டு. அங்கிருந்து வரும் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிகிறது. நகரத்துக் குப்பை கொடுங்கையூரில் மலையாய்க் குவிந்து கிடக்கிறது. நம் வசதிக்காக வேறொருவர் சுமக்கும் இந்தப் பாரத்தை அறியாத பிள்ளைக்கு, நன்றி வெறும் நாக்குப் பழக்கமாகவே நின்றுவிடும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் நன்றியை அதிகமாகப் போதிக்கிறோம். பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் திருவொற்றியூர்ச் சிறுமி எந்தத் தலைவரையும் கும்பிட வேண்டியதில்லை. அந்த உணவு அவள் உரிமை. விடியுமுன் எழுந்து சமைக்கும் பெண்களை அவள் பெயர் சொல்லி அறிந்திருந்தால் போதும்.

2018 வெள்ளத்துக்குப் பின் கேரள அரசு, மக்களை மீட்ட தன் மீனவர்களைப் பொதுமேடையில் கௌரவித்தது. நம் பள்ளிகளோ வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கோளரங்கத்துக்கும் சுற்றுலா போகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் போகட்டும். மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் பேச, பிள்ளைகள் கேட்கட்டும். ஆனால் பயணம் மட்டும் போதாது. பெற்றோர் மீன்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றியுள்ள ஆலைகளும் தங்கள் குழாய்களைக் கசியாமல் காக்க வேண்டும். அதை அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் விடாமல் சோதிக்க வேண்டும். பட்ட கடனைப் பெரியவர்கள் திருப்பிச் செலுத்துவதைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகமும் நன்றியைக் கற்றுத்தர முடியாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியும் இந்தப் பயணத்துக்கு ஒரு நாளை ஒதுக்கட்டும். பெற்றோர்களே, பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் இதை நீங்களே எழுந்து கேளுங்கள்.