வெந்நீர் வைத்தியமும் சுத்தியல் வைத்தியமும்



நம் குழுக்களில் ஒரு காணொளி சுற்றிச் சுற்றி வருகிறது. நசுங்கிய கார்மேல் ஒரு கெட்டில் வெந்நீரை ஊற்றுகிறார்கள்; 'டப்'பென்று பள்ளம் மறைகிறது. "இனி ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பைசா தர வேண்டாம்" என்று தலைப்பு. பகிர்ந்தவர்களில் பலர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

காணொளி பொய்யில்லை. ஆனால் அதில் இருப்பது பம்பர். பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். சூட்டில் இளகும், உள்ளிருந்து தள்ளினால் பழைய வடிவத்துக்கு வரும். விரிசல் இல்லை என்றால் கையுறை போட்டுக்கொண்டு தாராளமாகச் செய்யுங்கள்.

கதவு அப்படியா? அது எஃகுத் தகடு. 100 டிகிரி வெந்நீருக்கு எஃகு இளகுமா? மீட்சி எல்லை என்று பதினோராம் வகுப்பில் படித்தோமே! எல்லைக்குள் வளைந்த தகடு லேசாகத் தள்ளினாலே திரும்பிவிடும். எல்லையைத் தாண்டி மடிந்தது அண்டா அண்டாவாக ஊற்றினாலும் நிமிராது.

அடுத்து சுத்தியல் வீரர்கள். கதவுத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரியும். விரிந்ததற்கு இடம் போதாமல் புடைக்கும். பிறகு அழுத்தினால் டப்பா மூடிபோல 'டக் டக்'. டிங்கரிங் செய்பவர் அப்படியா அடிக்கிறார்? உள்ளே டாலியைத் தாங்கலாகப் பிடித்து, பள்ளத்தின் ஓரத்து மேட்டிலிருந்து சிறு சிறு தட்டாகத் தட்டி வருகிறார். அவர் கேட்கும் கூலி அந்தக் கைப்பழக்கத்துக்கு. அதைக் கொள்ளை என்று எழுதுவது அநியாயம்.

இதைவிட ஆபத்து கேஸ் டார்ச். கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண்கள் பல கார்களில் உயர்வலிமை எஃகு. கண்டபடி சூடேற்றினால் அதன் வலிமை போய்விடும். பெயிண்ட் அடித்தபின் வெளியே தெரியாது. அடுத்த விபத்தில்தான் தெரியும். கதவு சரியாகச் சாத்தவில்லை, பானட் இடைவெளி ஒரு பக்கம் கூடியிருக்கிறது என்றால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

அதற்காக, "இன்சூரன்ஸ் இருக்கே, புதுக் கதவே போட்டுடலாம்" என்பவர்களையும் நம்பாதீர்கள். க்ளெய்ம் செய்யாத முதல் ஆண்டுக்குப் பிறகு, சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. ஐந்து ஆண்டுகள் செய்யாவிட்டால் 50 சதவீதம். அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்கள் ஒரு சின்னப் பள்ளத்துக்காக க்ளெய்ம் செய்தால் அத்தனையும் போச்சு. முதலில் கணக்குப் போடுங்கள். பெயிண்ட் உதிராத பள்ளத்தை உட்புறமிருந்து கம்பியால் நெம்பி எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் உதிர்ந்திருந்தால் துருப் பிடிக்குமுன் பிரைமராவது பூசுங்கள்.

எதையும் பொருளறிந்து செய்யுங்கள் என்றுதான் வகுப்பில் கத்தினேன். இப்போதும் அதுதான். அடுத்த முறை அந்தக் காணொளி வந்தால், பிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்துக் காரில் நசுங்கிய இடத்தில் வையுங்கள். ஒட்டினால் அது எஃகு. கெட்டிலை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.