பிணை கொடுத்தவருக்கு என்ன பிடிமானம்?

அரசு ஒப்பந்ததாரர்கள் வங்கி உத்தரவாதத்துக்காகப் பணத்தை முடக்க வேண்டியதில்லை, காப்பீட்டு நிறுவனத்தின் பிணைப் பத்திரமே போதும் என்றது 2022-23 மத்திய பட்ஜெட். அதற்கான நெறிமுறைகள் 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தன. ஆனாலும் காப்பீட்டாளர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

வேலை பாதியில் நின்றால், அரசுத் துறை கேட்டதும் பணம் கட்ட வேண்டியவர் காப்பீட்டாளர். அதை ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கக் காப்பீட்டாளரிடம் பெரும்பாலும் இருப்பது, இழப்பை ஈடுசெய்வதாக ஒப்பந்ததாரர் எழுதிக்கொடுத்த ஈட்டுறுதி ஒப்பந்தம்தான். வங்கியிடம் இருப்பதுபோல அடமானமோ வைப்புத்தொகையோ இருப்பது அரிது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு, பிணையாளர் முறையாகச் செலுத்திய தொகையைத் திரும்பப் பெற உரிமை தருகிறது. முறையின்றிச் செலுத்தியதற்குத் தருவதில்லை. விசாரிக்காமல் கொடுத்துவிட்டீர்கள் என்று வாதாட ஒப்பந்ததாரருக்கு இது வசதி. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளலாம்.

ஒப்பந்ததாரர் நிறுவனம் நொடித்துப்போனால் நிலைமை இன்னும் மோசம். 2016 திவால் சட்டம், வங்கி அல்லது நிதி நிறுவனம் கொடுத்த உத்தரவாதத்துக்கான எதிர் ஈட்டுறுதியை நிதிக் கடனாகக் கருதுகிறது. காப்பீட்டாளரும் இதில் அடங்குவாரா என்பதில் ஐயம் இருக்கிறது. அவருக்கும் அதே தகுதி உண்டு என்பதைச் சட்டத்திலேயே ஐயமின்றி எழுதிவிடலாம். நீதிமன்றம் சொல்லட்டும் என்று காத்திருப்பது வீண்.

அதே வேளையில், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதுபோன்ற ஈட்டுறுதி ஒப்பந்தங்களும் கூடாது. பணம் கட்டுமுன் ஒப்பந்ததாரருக்கு அறிவிப்பு, கட்டியபின் முழுக் கணக்கு: இவை இரண்டையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.